வெற்றிலைச் செல்லமும் ஆறாத புண்ணும்

என் அத்தைப்பாட்டியிடம் ஒரு வெற்றிலைச் செல்லம் இருந்தது. பித்தளைதான், ஆனால் மூடியின் மேல் நம் கோயில் யாளிக்கு ஒன்றுவிட்ட சகோதரன் போல ஒரு பிராணி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அவளுடைய கணவர் சொல்தா. புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பிரெஞ்சு ராணுவத்தில் சேவகம் பார்த்த தமிழனுக்கு எங்கள் ஊரில் வழங்கும் பெயர் அது. அவர் சைகோனில் பல வருஷங்கள் இருந்துவிட்டுத் திரும்பும்போது பாட்டிக்கென்று வாங்கிவந்த ஒரே பொருள் அந்தச் செல்லம். அவர் போன பிறகு பென்ஷன் பணமும் இந்தச் செல்லமும்தான் பாட்டிக்குத் துணை. பென்ஷனாவது மாதத்துக்கு ஒரு தடவை வரும். செல்லம் எப்போதும் மடியிலேயே இருக்கும்.

முத்தியால்பேட்டை வீட்டுத் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து, வெற்றிலையின் காம்பைக் கிள்ளி, முதுகு நரம்பை உரித்து, சுண்ணாம்பைத் தடவி, பாக்கை வெட்டிப் போட்டு, கடைசியில் புகையிலையை ஒரு விள்ளல் கிள்ளி இடது கன்னத்தில் அதக்கிக்கொள்வாள். அந்தப் புகையிலையைப் பெட்டிக்கடையில் வாங்கிவரும் உத்தியோகம் எனக்கு. கூலி, மீதிச் சில்லறைக்குக் கிடைக்கும் மிட்டாய். அப்போது எனக்கு வயது பத்து அல்லது பதினொன்று.

1993-ம் வருஷம் பாட்டியின் இடது கன்னத்தின் உட்புறம் வெள்ளையாக ஒரு திட்டு கண்டது. பிறகு அது புண்ணாயிற்று. "சுண்ணாம்பு கூடிப்போயி வாய் வெந்துபோச்சுடா" என்றாள். மாசிக்காயை உரைத்துத் தடவினாள். நெய் தடவினாள். தேங்காய்ப்பாலை வாயில் வைத்துக் கொப்பளித்தாள். ஆனால் புகையிலையை மட்டும் விடவில்லை. இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்கு மாற்றிக்கொண்டாள், அவ்வளவே. பத்து மாதம் கழித்து, வாயைத் திறந்து ஒரு வாய்க் கஞ்சி குடிக்க முடியாத நிலையில், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்தார். "இவ்வளவு நாள் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை; களைப்பாகக் கேட்டார். அந்தச் சித்திரையில் பாட்டி காலமானாள்.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். இன்டர்மீடியட் அளவுக்கு மேல் படிப்பு ஏறவில்லை. வைத்தியம் எனக்குத் தெரியாது. ஆனாலும் டாக்டர் கேட்ட அந்தக் கேள்வி முப்பது வருஷமாக என்னை விடவில்லை. ஒரு சாதாரண வாய்ப்புண் எப்படிப் புற்றாக மாறுகிறது? அதை நடுவழியில் நிறுத்த முடியாதா? இந்த விஷயத்தைத் தேடிக்கொண்டு போனபோதுதான் இதற்கென்று நீண்டதொரு சரித்திரம் இருப்பதும், அதில் நம் தமிழ்நாட்டுக்கு முக்கியமான ஓர் அத்தியாயம் இருப்பதும் தெரியவந்தது.

முதலில் ஒரு வார்த்தை. பாட்டி, "வெந்துபோச்சு" என்றாளே, அது எவ்வளவு சரியான சொல் என்று பின்னால்தான் புரிந்தது. மேல்நாட்டு வைத்திய சாஸ்திரத்தில் இதற்கு வழங்கும் பெயருக்கும் தீப்பற்றுதல் என்றுதான் பொருள். நாம் அழற்சி என்கிறோம். அழல் என்றாலும் தீதானே? ரோமாபுரியில் கெல்சஸ் என்பவர் ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்பே அதற்கு நான்கு அடையாளங்களைச் சொல்லிவிட்டார்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. காலில் முள் குத்தினால் இந்த நான்கும் வருகின்றன. ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்கள் அந்த இடத்துக்கு ஓடிவருகின்றன. கிருமியைக் கொல்வதற்காகச் சில உக்கிரமான ரசாயனங்களைக் கக்குகின்றன. சிதைந்த சதையை அப்புறப்படுத்துகின்றன. புதுச் சதை வளரட்டும், புது ரத்தக்குழாய்கள் முளைக்கட்டும் என்று சுற்றியுள்ள அணுக்களுக்கு ஆக்ஞை கொடுக்கின்றன. முள்ளை எடுத்துவிட்டால் நாலு நாளில் வேலை முடிந்து எல்லாம் அடங்கிவிடும்.

முள்ளை எடுக்காவிட்டால்? அல்லது தினம் பத்துத் தடவை அதே இடத்தில் புதிய முள்ளைக் குத்திக்கொண்டே இருந்தால்? அப்போது அந்தத் தீ அணைவதே இல்லை. எதிரிக்காகக் கக்கிய விஷம் சொந்த அணுக்களின் உள்ளே இருக்கும் பரம்பரை எழுத்தையே அரிக்கிறது. இன்னொரு பக்கம் 'வளர், வளர்' என்ற உத்தரவும் நிற்காமல் வந்துகொண்டிருக்கிறது. இரவு பகலாக ஓலைச்சுவடியைப் பிரதி எடுக்கச் சொன்னால் எழுதுகிறவன் பிழை செய்யாமல் இருப்பானா? பிழையோடு பிறந்த அணுக்களில் என்றைக்காவது ஒன்று, நிறுத்து என்றாலும் நிற்காத அணுவாக வந்து வாய்க்கிறது. புற்று என்று நம்மவர்கள் பெயர் வைத்தது வெகு பொருத்தம். கிரேக்கர்கள் இந்த நோயைப் பார்த்து நண்டு என்றார்கள். என் கட்சி நம்முடைய புற்றுதான். மேலே தெரிவது கையளவு மேடு. கீழே எத்தனை வளை, எங்கெங்கே போகிறது என்பது யாருக்கும் தெரியாது.

ஆறாத புண்ணுக்கும் இந்த நோய்க்கும் உறவு இருக்கிறது என்ற சந்தேகம் பழையது. 1775-ல் லண்டனில் பெர்சிவல் பாட் என்ற ரணவைத்தியர், புகைபோக்கிகளைத் துடைக்கும் பையன்களுக்கு, பிற்காலத்தில் விரைப்பையின் தோலில் புற்று வருவதைக் கவனித்து, உடம்பின் மடிப்புகளில் தங்கும் கரியின் மேல் குற்றம் சாட்டினார். எங்கள் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் 1823-ல் வைத்தியப் பள்ளிக்கூடம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். (அதன் வாரிசாகத்தான் இன்று கோரிமேட்டில் ஜிப்மர் நிற்கிறது.) ஐந்து வருஷம் கழித்து, 1828-ல், பாரிஸில் மார்ஜோலன் என்ற டாக்டர் பழைய தழும்புகளில் கிளம்பி ஆறாமல் வளரும் புண்களைப் பற்றி எழுதினார். அவை புற்று என்று அவர் சொல்லவில்லை. ஆனால் தீக்காயத் தழும்பில் தோன்றும் புற்றுப்புண்ணுக்குப் பிற்காலத்தார் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். சொல்லாத வார்த்தைக்காகப் பெயர் நிலைத்த அதிர்ஷ்டசாலி!

இதையெல்லாம் கோத்து ஒரு சித்தாந்தமாக்கியவர் ஜெர்மனியின் விர்க்கோ. 1863-ல் அவர் கட்டிகளுக்குள்ளே வெள்ளை அணுக்கள் மொய்த்திருப்பதைப் பூதக்கண்ணாடியில் கண்டார். எந்த இடத்தில் நெடுநாள் உறுத்தல் இருக்கிறதோ அங்கேதான் புற்று முளைக்கிறது என்றார். அதற்கு மூன்றே வருஷத்துக்குப் பின் நம் தேசத்திலிருந்தே சாட்சி வந்தது. காஷ்மீரத்துக் குடியானவர்கள் குளிருக்காகக் காங்கிரி என்ற நெருப்புச் சட்டியை அங்கிக்குள் வயிற்றோடு அணைத்துக்கொள்வார்கள். வருஷக்கணக்காகச் சுட்டுச் சுட்டுப் புண்ணான அதே இடத்தில், அடிவயிற்றிலும் தொடையிலும், புற்று வருகிறது என்று எல்ம்ஸ்லி என்ற மிஷன் டாக்டர் 1866-ல் எழுதினார். பம்பாயில் கானோல்கரும் சூர்யாபாயும் 1945-ல் இன்னொன்றைச் சொன்னார்கள். வேஷ்டியை ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டிக் கட்டி, இடுப்புத் தோல் கறுத்துப் புண்ணாகி, அங்கே புற்று வருமாம். பிற்பாடு புடவைக்கும் அதே குற்றச்சாட்டு வந்தது. வாசகிகள் பயப்பட வேண்டாம். இது மிக மிக அபூர்வம். முடிச்சைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டால் போதும்.

நம் அத்தியாயத்துக்கு வருகிறேன்.

கன்னியாகுமரிக்குப் போகிறவர்களில் நெய்யூரில் இறங்குகிறவர்கள் குறைவு. அங்கே ஒரு பழைய மிஷன் ஆஸ்பத்திரி இருக்கிறது; 1838-ல் ஆரம்பித்தது. எங்கள் ஊர் 1954 நவம்பர் முதல் தேதி இந்தியாவின் கைக்கு வந்ததென்றால், நெய்யூர் சரியாக இரண்டு வருஷம் கழித்து அதே தேதியில் திருவிதாங்கூரிலிருந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு வெகு காலத்துக்கு முன்பே, 1908-ல், அங்கே வேலை பார்த்த இரண்டு டாக்டர்கள் லண்டன் வைத்தியப் பத்திரிகை ஒன்றில் அடுத்தடுத்து இரண்டு கட்டுரைகள் எழுதினார்கள். ஃபெல்ஸ் என்பவர் வாய்ப்புற்றுக்குச் செய்த 209 ரணசிகிச்சைகளை ஆராய்ந்திருந்தார். பென்டால் என்பவர் 1,700 புற்றுநோயாளிகளைக் கணக்கெடுத்திருந்தார். மேல்நாட்டு டாக்டர்கள் வாழ்நாள் முழுவதும் காணாத எண்ணிக்கை அது. சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் நிப்லாக் என்பவரும் 1902-லேயே இதைப் பற்றி எழுதியிருந்தார். எல்லோருடைய விரலும் ஒரே திசையைத்தான் காட்டியது: தாம்பூலம்.

அந்த நெய்யூருக்கு 1922-ல் ஒரு வழிப்போக்கர் வந்தார். ஹோவர்ட் சாமர்வெல் என்று பெயர். எவரெஸ்ட் சிகரத்தில் ஏறப் போய், ஏற முடியாமல் இறங்கியவர். தேசத்தைச் சுற்றிப் பார்க்கலாமென்று தெற்கே வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் காத்துக்கிடந்த கூட்டத்தையும், உள்ளே இருந்த ஒருசில டாக்டர்களையும் பார்த்தார். லண்டனில் காத்திருந்த பெரிய உத்தியோக வாழ்வை உதறிவிட்டு இங்கேயே தங்குவதென்று முடிவு செய்தார். 1924-ல் மறுபடி எவரெஸ்டுக்குப் போனார். ஏறக்குறைய 28,000 அடி உயரத்தில் அவருக்கு நேர்ந்ததை நான் படித்தபோது ஒரு கணம் புத்தகத்தை மூடிவிட்டேன். குளிர்காற்றில் தொண்டை வெந்து, குரல்வளையின் உட்தோல் உரிந்து, மூச்சுக்குழலை அடைத்துக்கொண்டது. மூச்சு நின்றுவிட்டது. சாவதற்கென்றே பனியில் உட்கார்ந்துவிட்டவர், கடைசி முயற்சியாக இரு கைகளாலும் மார்பை அழுத்த, அடைத்திருந்தது ரத்தத்தோடு வெளியே வந்து விழுந்தது. நாலு நாள் கழித்து அவருடைய சிநேகிதர் மாலரி அதே மலையில் மறைந்துபோனார். சாமர்வெல் நெய்யூருக்குத் திரும்பி வந்து, வெற்றிலை மென்று வெந்துபோன வாய்களைத் திறந்து திறந்து பார்க்கத் தொடங்கினார். பிற்பாடு வேலூரில் மாணவர்களுக்குப் போதித்ததையும் சேர்த்தால், அவருடைய இந்தியச் சேவை ஏறக்குறைய நாற்பது வருஷம். வெந்த தொண்டையின் வேதனை என்னவென்று தெரிந்த டாக்டர் அந்த ஜனங்களுக்கு வாய்த்ததை எந்தக் கதாசிரியனும் துணிந்து எழுதமாட்டான். செயற்கையாக இருக்கிறது என்று பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

அவரோடு வேலை பார்த்த ஆர் என்ற டாக்டர், 1933-ல் திருவிதாங்கூரின் வெற்றிலைப் பழக்கக்காரர்களின் வாய்ப்புற்றைப் பற்றி விரிவாக எழுதினார். நெய்யூர் டாக்டர்கள் கண்ட உண்மை எளியது. தாம்பூலத்தை எந்தக் கன்னத்தில் அடக்கி வைக்கிறார்களோ அந்தக் கன்னத்தில்தான் புற்று. என் பாட்டிக்கு இடது.

இந்த இடத்தில் நான்கு குற்றவாளிகள் கூண்டில் நிற்கிறார்கள்: இலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. வழக்கு நூறு வருஷத்துக்கு மேல் நடந்தது. புகையிலையின் மேல் குற்றம் ருசுவாக நேரம் பிடிக்கவில்லை. அதோடு சேர்ந்த தாம்பூலம் புற்றுண்டாக்கும் என்று சர்வதேச ஆராய்ச்சி ஸ்தாபனம் 1985-ல் தீர்ப்பெழுதியது. பாக்கு மட்டும் நல்ல பிள்ளையாக நின்றுகொண்டிருந்தது. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் வேண்டிய மங்கலப் பொருளாயிற்றே, யார் சந்தேகப்படுவார்கள்? 1952-ல், கிழக்கு ஆப்பிரிக்காவில் குடியேறிய ஐந்து இந்தியப் பெண்களின் வாய் உட்புறம் நார்நாராக இறுகி, வாயைத் திறக்க முடியாமல் போன வினோத வியாதியை ஒரு டாக்டர் எழுதினார். அதுவும் ஆறாத அழற்சியின் முடிவுதான். பிடித்தது பாக்கு என்பது சிறுகச் சிறுகத் தெரிந்தது. 2004-ல் அதே ஸ்தாபனம், புகையிலை சேராவிட்டாலும் பாக்கு புற்றுண்டாக்குவதுதான் என்று தீர்த்துச் சொல்லிவிட்டது. சுண்ணாம்பு உடந்தைக் குற்றவாளி. அது தோலை வேகவைத்து வழிவிடுகிறது. பாக்கிலுள்ள சாரத்தைக் கிளப்பியும் கொடுக்கிறது. இலையின் மேல் மட்டும் குற்றம் ருசுவாகவில்லை. எனக்கு அதில் ஓர் அற்ப சந்தோஷம்.

விர்க்கோவின் சித்தாந்தம் என்னாயிற்று என்று கேட்பீர்கள். அவரிடம் படித்த ஜப்பானியர் யமகிவா, 1915-ல், இச்சிகாவா என்ற சகாவுடன் முயலின் காதில் மாதக்கணக்காகத் தாரைத் தடவித் தடவிப் புற்றை வரவழைத்துக் காட்டினார். ஆனால் நோபல் பரிசு, எலியின் இரைப்பையில் ஒரு புழு உண்டாக்கும் உறுத்தலால் புற்று வருகிறது என்று சொன்ன டென்மார்க்கின் ஃபிபிகருக்குப் போயிற்று. பிறகு அவர் சொன்னது தப்பென்று தெரிந்தது. அந்த வெட்கத்தில் உறுத்தல், அழற்சி என்ற பேச்சே கொஞ்ச காலம் படித்த சபையில் எடுபடவில்லை.

திரும்பி வந்தது வேறு வாசல் வழியாக. சாமர்வெல்லும் ஆரும் 1936-ல், நெய்யூரில் குடற்புண்ணுக்குச் செய்த 2,500-க்கும் மேற்பட்ட ரணசிகிச்சைகளைப் பற்றி எழுதினார்கள். இத்தனை ஏழைகளுக்கு ஏன் இந்தப் புண் என்று ஆகாரத்திலெல்லாம் தேடினார்கள். காரணம் ஒரு கிருமி என்று யாரும் கனவு காணவில்லை. ஆஸ்திரேலியாவில் வாரனும் மார்ஷலும் 1982-ல் அதைப் பிடித்தார்கள். யாரும் நம்பாததால் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலை ஒரு கோப்பை குடித்து, தம் வயிற்றிலேயே அழற்சியை வரவழைத்துக்கொண்டார். குடற்புண் புற்றாவது அபூர்வம். ஆனால் அதே கிருமி இரைப்பையில் முப்பது நாற்பது வருஷம் கனன்றுகொண்டே இருந்தால் அங்கே புற்று வரலாம். மருந்தால் கிருமியை விரட்டினால் அபாயம் குறைகிறது. ஈரல் கதையும் அப்படியே. மஞ்சட்காமாலையின் பி வைரஸ் ஈரலில் குடியேறி அதை நாட்கணக்கில் அல்ல, பத்தாண்டுக் கணக்கில் வேகவைக்கிறது. தைவான் தேசத்தில் 1984 முதல் கைக்குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். குழந்தைகளின் ஈரல் புற்று கண்கூடாகக் குறைந்தது. தீ பற்றுமுன்பே திரியை நனைத்துவிட்ட கதை இது.

அந்த வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க், சென்னைச் சர்வகலாசாலையின் தியாகராஜனோடு சேர்ந்து நம் கீழாநெல்லியைப் பரீட்சித்தது பலருக்குத் தெரியாது. 1988-ல் வெளியான அந்த முடிவில், கீழாநெல்லி சாப்பிட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்ததாகக் கண்டது. ஊரெல்லாம் கொண்டாட்டம். பிறகு மற்ற இடங்களில் செய்த பரீட்சைகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. நம் மூலிகை தோற்றது என்பதில் எனக்கும் வருத்தந்தான். ஆனால் வருத்தம் பிரமாணமாகாது.

மஞ்சள் விஷயமும் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் கடிதம் வரும். மஞ்சளின் சாரத்தை முதலில் பிரித்தெடுத்தவர்கள் பாரிஸில் ஃபோகலும் பெல்லத்தியேயும், 1815-ல். பெல்லத்தியேதான் ஐந்து வருஷம் கழித்துக் கொய்னாவையும் பிரித்தெடுத்தார். கண்ணாடிக் குழாய்க்குள் மஞ்சளின் சாரம் அழற்சியை அடக்குகிறது, உண்மை. ஆனால் வாயால் சாப்பிட்டால் ரத்தத்தில் ஏறுவது சொற்பம். பெங்களூரில் 1998-ல், மிளகின் சாரத்தோடு கொடுத்தால் இருபது மடங்கு ஏறுகிறது என்று கண்டார்கள். சொற்பத்தை இருபதால் பெருக்கினாலும் சொற்பந்தான். மஞ்சளைப் பற்றி அமெரிக்காவிலிருந்து குவிந்த ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பல, பிற்பாடு திரும்பப் பெறப்பட்டன. ரசத்தில் போடுங்கள், நெற்றியிலும் பூசுங்கள். ஆறாத புண்ணுக்கு அதை நம்பிப் பத்து மாதம் காத்திருக்காதீர்கள்.

அழற்சியை மருந்தால் அடக்கினால் புற்று குறையுமா? 2017-ல் இதயநோய்க்காரர்களிடம் அழற்சியைக் குறைக்கும் ஊசி மருந்து ஒன்றைப் பரீட்சித்தபோது, எதிர்பாராத விதமாக நுரையீரல் புற்று குறைந்திருந்தது. ஆனால் அதே மருந்தால் தொற்று நோய்க்குப் பலியானவர்களும் அதிகம். தீயணைக்கும் படையைக் கலைத்துவிட்டு நெருப்புக்குப் பரிகாரம் தேடுவது லேசான காரியமல்ல. தவிர, எல்லா அழற்சியும் புற்றாவதில்லை. கீல்வாதத்தில் வருஷக்கணக்காக வீங்கும் முழங்கால் அங்கே புற்றை விளைவிப்பதில்லை. அழற்சியே இல்லாமல் வரும் புற்றுகளும் அநேகம்.

இத்தனை பெரிய சரித்திரத்தில் என்னை மிகவும் உலுக்கியது ஒரு சின்னக் காரியம். 1996-ல் திருவனந்தபுரம் பக்கத்துக் கிராமங்களில், பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வீடுவீடாகப் போய், வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்தார்கள். வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ கண்டால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கத்தியில்லை, ஊசியில்லை, பெரிய யந்திரமில்லை. 2005-ல் கணக்குப் பார்த்தபோது, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்றால் இறந்தவர்கள், அப்படிப் பார்க்கப்படாத கிராமங்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. என் பாட்டியின் கன்னத்தில் திட்டு கண்டதற்கு மூன்று வருஷத்துக்குப் பின், இது ஆரம்பித்தது. அந்த வெள்ளைத் திட்டை நான் பார்த்திருக்கிறேன். "ஆ" காட்டச் சொல்லி, ஜன்னல் வெளிச்சத்தில், விளையாட்டாகப் பார்த்தேன். பார்த்துவிட்டுப் புகையிலை வாங்கக் கடைக்குப் போனேன்.

செல்லம் இப்போது என் வீட்டில்தான் இருக்கிறது. என் மனைவி அதில் ஊசியும் நூலும் பித்தான்களும் போட்டு வைத்திருக்கிறாள். பாக்குவெட்டி துருப்பிடித்துவிட்டது. சுண்ணாம்பு டப்பியை மட்டும் யாராலும் திறக்க முடியவில்லை. உள்ளே மிச்சமிருந்த சுண்ணாம்பு காய்ந்து, மூடியோடு கல்லாய்ப் பிடித்துக்கொண்டிருக்கிறது.